கூரையும் கற்காரையும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் ஓர் அரண்மனை எழுந்த முறையை நக்கீரர் சொல்கிறார். மனைநூல் கற்றவர்கள் கோல் நட்டு, கதிரவனின் நிழலால் திசையறிந்து, நூல் பிடித்து நிலத்தை வகுத்த செய்தி அங்கே வருகிறது. வீடு கட்டுதல் என்பது அறிவும் கைத்திறனும் கூடிச் செய்ய வேண்டிய வினை என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

அவ்வினையில் எது அரிது? சுவர் எழுப்புதல் அன்று. இரு சுவர்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை மூடுதலே அரிது. சுவர் தன் பாரத்தை நேரே நிலத்திடம் ஒப்படைக்கிறது. கூரையோ ஆதாரமற்ற வெளியில் படுத்துக் கிடக்க வேண்டும். கட்டடக்கலையின் வரலாறு பெரும்பாலும் கூரையின் வரலாறே எனலாம். அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, நாம் வந்து குடியேறிய இப்பெங்களூர் நகரை முன்வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லின் வலிமையும் குறையும்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகிய எதுவுமின்றி அக்கோயிலை எடுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமிதத்தோடு கூறுகிறது. அந்நாள்வரை கட்டடத்திற்கு இன்றியமையாதவையாகக் கருதப்பட்ட பொருள்கள் எவை என்பதும் அதனால் விளங்குகிறது.

கல் நெடுநாள் நிற்கும். அமுக்கினால் அஃது எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது. ஒரு கற்பலகையை இரண்டு தூண்களின் மேல் கிடத்தினால், அதன் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. தூண்கள் விலக விலக அவ்விழுப்பு மிகுந்து, ஒரு நாள் பலகையின் அடியில் விரிசல் காணும். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடு போல் நெருங்கி நிற்பதற்குச் சிற்ப அழகு மட்டுமே காரணம் அன்று. நெருங்கி நின்றால்தான் மேலே கிடக்கும் கல் முறியாதிருக்கும். அல்சூர் சோமேசுவரர் ஆலயத்தின் மண்டபத்தில் நின்று மேலே நோக்குவோர் இவ்வுண்மையைக் கண்ணாரக் காணலாம்.

பெங்களூரைச் சுற்றிலும் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இவ்வட்டாரத்து எளிய வீடுகள் பலவற்றில் கற்பலகைகளே கூரையாயின. அவ்வீடுகளின் அறைகள் குறுகலாக இருப்பதைக் கண்டு சிலர் கட்டியவரின் சிக்கனத்தைக் குறை கூறுவர். அறையின் அகலத்தை அங்கே கட்டளையிட்டது கல்லின் குணமே.

கண்டோன்மெண்டின் கூரைகள்

1809 ஆம் ஆண்டளவில் பெங்களூரில் படைத்தளம் நிறுவப்பட்டது. அதனோடு தமிழ்நாட்டிலிருந்து வணிகரும் ஒப்பந்தக்காரரும் கொத்தரும் கூலியாட்களும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் தலைசிறந்து விளங்கியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1860களில் எழுந்த அட்டாரா கச்சேரி என்னும் செந்நிற அரசு அலுவலகக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் அவரே. ஈட்டிய பொருளை 1873 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்வி அறப்பணிக்கு ஈந்ததால் இன்றும் அவர் பெயர் இந்நகரில் நிலைத்திருக்கிறது.

தமிழ்க் கொத்தர் அக்காலத்தில் தம்மோடு கொண்டுவந்த கூரை முறை, 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர் ஏடுகளிலேயே இடம்பெற்ற புகழுடையது. தேக்கு விட்டங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு அடுக்குவர். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்புவர். பெண்கள் வரிசையாக அமர்ந்து, கையிலுள்ள மரக்கட்டையால் அக்காரையை நாட்கணக்கில் தட்டி இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அவ்வப்போது தெளிப்பர். இறுதியில் தட்டோடு பதிப்பர். இவ்வாறு அமைந்த தளம் கோடையில் குளிர்ச்சி தரும், மழையில் ஒழுகாது. மரம் செல்லரிக்கத் தொடங்கினால் உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தே அறியலாம். பழுதுற்ற ஒரு விட்டத்தை மட்டும் மாற்றலாம்.

1865 ஆம் ஆண்டில் பேசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியபின், அந்தச் செந்நிற ஓடுகள் பெங்களூர் பங்களாக்களின் மேல் ஏறின. கல், விட்டம், ஓடு ஆகிய மூவகைக் கூரைக்கும் ஒரு பொதுப் பண்பு உண்டு. தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்பதை வீட்டில் குடியிருப்பவன் தன் கண்ணாலேயே காணலாம். பின்வரும் வரலாற்றுக்கு இப்பண்பு முக்கியமானது. வாசகர்கள் இதனை நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

தோட்டக்காரரும் பொறியாளரும்

1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தர் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் ஆகியவற்றைக் கலந்தால் கிடைப்பதே காங்கிரீட். அதனைத் தமிழில் கற்காரை என்கிறோம். ஆனால் கற்காரையும் கல்லைப் போன்றதே. அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரும்போ இழுப்பைத் தாங்குவதில் வல்லது. இரண்டையும் மணம் முடித்து வைத்தால் என்ன?

இக்கருத்து பலர் உள்ளத்தில் உதித்தது. அவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே. பூந்தொட்டிகள் உடையாதிருக்க இரும்புக் கம்பி வலையைச் சாந்தினுள் பதித்து, 1867 ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். பின்னர்த் தளங்களுக்கும் அம்முறையை விரித்தார். ஆனால் தளத்தின் எந்த இடத்தில் கம்பி இருத்தல் வேண்டும் என்னும் கணக்கு அவரிடம் இல்லை. 1886 ஆம் ஆண்டில் மத்தியாஸ் கோயனன் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் அக்கணக்கை வெளியிட்டார். இழுப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் கம்பி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1892 ஆம் ஆண்டில் பிரான்சுவா என்பிக் தூண், உத்திரம், தளம் ஆகியவற்றை ஒரே உடலாக வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வலுவூட்டிய கற்காரை உலகெங்கும் பரவியது.

இயற்கையும் இம்மணத்திற்கு இசைந்தது. வெப்பத்தால் இரும்பும் கற்காரையும் ஏறக்குறைய ஒரே அளவாக விரிகின்றன. ஆதலால் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. சிமெண்டின் காரத்தன்மை இரும்பைத் துருவினின்றும் காக்கிறது. இருவேறு பொருள்கள் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி வாழும் இவ்வுறவு இல்லறத்திற்கே உவமையாகத் தக்கதன்றோ!

தளம் இந்நகரை அடைந்த கதை

இந்தியாவில் சிமெண்டு செய்யும் முயற்சி 1904 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கியது. ஆனால் அது நிலைக்கவில்லை. 1914 ஆம் ஆண்டில் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. அக்காலத்து மைசூர் அரசின் மாபெரும் பணியாகிய கிருஷ்ணராஜ சாகர் அணை சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுருக்கிச் சாந்தினாலேயே எழுந்தது. பத்ராவதி ஆலையில் 1923 ஆம் ஆண்டில் வார்ப்பிரும்பு வடிக்கத் தொடங்கினர். 1930களின் பிற்பகுதியில் எஃகும் சிமெண்டும் அங்கேயே உருவாயின. கம்பியும் சிமெண்டும் அண்டையிலேயே கிடைத்ததால் கற்காரைத் தளம் மைசூர் நாட்டில் வேரூன்ற வழி பிறந்தது.

1939 ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்து வந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்று, 1948 வரை பணியாற்றினார். இந்திய அறிவியல் கழக வளாகத்தினுள்ளும் அவர் வடிவமைத்த கட்டடங்கள் உண்டு. அலங்கார வளைவுகளை விடுத்து, வெயிலையும் காற்றையும் எண்ணிக் கட்டும் புதுமுறை இந்நகரில் அவரால் வலுப்பெற்றது.

எனினும், கற்காரைத் தளத்தை நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது கலையார்வம் அன்று, மனையின் அளவே. 1945 ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், அதன்பின் 1976 ஆம் ஆண்டில் பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் தோன்றின. புதிய குடியிருப்புகளில் முப்பதுக்கு நாற்பது அடி மனை என்பது பலருடைய கனவின் எல்லையாயிற்று. பரந்த தோட்டத்தின் நடுவே ஓட்டுக் கூரை போட்ட பங்களாவுக்கு அங்கே இடமேது? ஓட்டின் மேல் மாடி எழுப்ப முடியாது. கற்காரைத் தளமோ இன்றைக்குக் கூரை. நாளைக்கு மேல்வீட்டின் தரை. மூத்த மகனுக்கு ஒரு மாடி, அல்லது வாடகை வரவுக்கு ஒரு பகுதி என்று எண்ணிய குடும்பங்கள் தூண்களின் தலையில் கம்பிகளை நீளமாக விட்டு வைத்தன. வானை நோக்கி நின்ற அக்கம்பிகள் வந்த ஊரில் வேர் விட்டு நிலைக்க வேண்டும் என்னும் ஆசையின் அடையாளங்களாகவே நமக்குத் தோன்றுகின்றன.

அந்நாளில் சிமெண்டு எளிதில் கிடைக்கவில்லை. அரசின் கட்டுப்பாட்டில் இருந்த அதனை அனுமதிச் சீட்டு பெற்றே வாங்க வேண்டும். 1982 ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்து, 1989 இல் முற்றும் நீங்கியது. அதற்கு முன்னரே சென்னையில் 1959 ஆம் ஆண்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடமும், 1970களில் இந்நகரின் மகாத்மா காந்தி சாலையில் 25 மாடி யுடிலிட்டி கட்டடமும் எழுந்து காண்போரை வியப்பில் ஆழ்த்தின.

தளம் போடும் நாள்

தளம் போடும் நாள் ஒரு குடும்பத்திற்குத் திருநாள் போன்றது. விடியும் முன்னரே பூசை முடியும். கலவை இயந்திரம் உருளத் தொடங்கும். வட ஆர்க்காடு, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து வந்த ஆட்கள் சாரத்தின் மேல் வரிசையாக நிற்பர். சித்தாளாக வேலை செய்யும் பெண்கள் கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவர். தொடங்கிய வேலையை இடையில் நிறுத்தலாகாது. பழைய கலவை இறுகியபின் புதியது அதனோடு ஒட்டாது. அந்தி சாயும்போது வேலை முடிய, வீட்டார் அனைவருக்கும் விருந்திடுவர்.

இங்கே மொழியும் கலந்தது. நாம் காரை என்பதைக் கன்னடத்தார் காரெ என்பர். கொத்து வேலைக்கே அவர்கள் மொழியில் காரெ கெலசம் என்று பெயர். மாடித் தளம் அவர்களுக்குத் தாரசி. மேஸ்திரி என்னும் போர்த்துகீசியச் சொல் இருவருக்கும் பொது. ஒரே சாரத்தின் மேல் தமிழும் கன்னடமும் தெலுங்கும் தோளோடு தோள் நின்று பணிபுரிந்த வரலாற்றுக்கு இச்சொற்களே சான்று.

அன்று மேலே ஏறும் பாரம் எவ்வளவு என்பதைப் பலரும் அறியார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஐந்து அங்குலக் கனத்தில் தளம் போட்டால், 50 கன அடி கற்காரை செல்லும். அதன் எடை ஏறக்குறைய மூன்றரை டன். இறுகும்வரை தளம் தன்னைத் தானே தாங்காது. முழுப் பாரமும் கீழே முட்டுக் கொடுத்த சவுக்கு அல்லது நீலகிரி மரக் கழிகளின் மேல் நிற்கிறது. ஒரு கழி மண்ணில் புதைந்தாலும் தளம் தொய்வுறும். பல கழிகள் சரிந்தால் ஆட்களோடு சேர்ந்து வீழும்.

மறைவில் இருக்கும் உண்மை

முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன செய்திக்கு இப்போது வருவோம். பழைய கூரையில் தாங்கும் உறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது. கற்காரைத் தளத்தில் அது மறைந்துவிட்டது. கலவை விழுந்த ஒரு மணி நேரத்தில் நல்ல தளமும் கெட்ட தளமும் ஒரே தோற்றம் கொள்கின்றன. பூச்சு பூசி வெள்ளையடித்தபின் எப்பொறியாளராலும் வெறுங்கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆகவே தளத்தின் நன்மை தீமை அனைத்தும் அது மூடப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

எங்கெங்கே பிழை நேரும்? முதலாவது, கம்பியின் இடம். அறையின் நடுவில் இழுப்பு அடியில் விழுவதால் கம்பியும் அடியில் இருக்கும். சுவரை விட்டு வெளியே நீளும் பால்கனிக்கும் சன்னல் மேலுள்ள சன்ஷேடுக்கும் இழுப்பு மேற்புறத்தில் விழும். ஆதலால் கம்பி மேலே இருக்க வேண்டும். கலவை கொட்டும் அவசரத்தில் ஆட்கள் அதன் மேல் மிதித்து நடந்தால் அக்கம்பி கீழே அமிழ்ந்துவிடும். கம்பி இருக்கும், ஆனால் பயன் இராது. முட்டு நீங்கிய அன்றோ பின்னொரு நாளோ அவ்வுறுப்பு முறிந்து விழும். நூறாண்டுகளுக்கு முன் கோயனன் சொன்ன பாடத்தை ஒரு மிதியடி அழித்துவிடுகிறது!

இரண்டாவது, கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய கற்காரைப் போர்வை. இந்தியத் தர நிர்ணய விதிகள் சாதாரண நிலையில் 20 மில்லிமீட்டர் போர்வை வேண்டும் என்கின்றன. அதற்கென வார்த்த சிறு கட்டிகளை வையாமல் கம்பியைப் பலகையின் மேல் நேரே கிடத்தினால், ஈரமும் காற்றும் எளிதில் புகும். துருப்பிடித்த இரும்பு பருத்துத் தன்னைப் போர்த்திய கற்காரையையே பிளந்து தள்ளும். கூரையின் அடியில் சில்லுகள் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும் காட்சியைப் பழைய அடுக்கு வீடுகளில் காண்கிறோம்.

மூன்றாவது, நீர். கலவையில் நீர் மிகுந்தால் பரப்புவது எளிது. ஆனால் வலிமை குன்றும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று 1918 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான டஃப் ஆப்ராம்ஸ் ஆய்ந்து காட்டினார். கலக்கும்போது நீரில் சிக்கனம் வேண்டும். இறுகியபின் தாராளம் வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டி, குறைந்தது ஏழு நாளும், வெயிலும் வறட்சியும் மிக்க காலத்தில் பத்து நாளும் நீர் நிறுத்த வேண்டும். நடைமுறையிலோ பலரும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

நான்காவது, பொறுமையின்மை. நான்கரை மீட்டர் வரையுள்ள தளத்திற்கு ஏழு நாளும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினான்கு நாளும் முட்டுகள் நிற்க வேண்டும் என்பது விதி. வாடகைக்கு எடுத்த பலகையை விரைவில் திருப்பித் தரும் ஆசையால் முன்கூட்டியே பிரிப்பவர் உண்டு. ஒரு மாடிக்கென்று எழுப்பிய சுவரின் மேல் மூன்று மாடி ஏற்றுபவரும் உண்டு.

இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. 1983 செப்டம்பர் 12 ஆம் நாள் இந்நகரின் நடுப்பகுதியில், கட்டி முடிக்கும் முன்னரே ஒரு பலமாடிக் கட்டடம் சரிந்து வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னரும் இத்தகைய செய்திகள் நின்றபாடில்லை. கட்டும்போதே ஒரு கட்டடம் வீழ்ந்தால், அதில் முதலில் உயிர் துறப்பவர் அதில் ஒரு நாளும் குடியிருக்கப் போகாத தொழிலாளர்களே. சாரத்தின் கீழே உறங்கும் அவர்தம் பிள்ளைகளும் தப்புவதில்லை. நாராயணசாமி முதலியாரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சட்டி சுமந்தவர்களின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்றவை தளங்கள் மட்டுமே.

நம் கடன்

காலம் மாறிவிட்டது. ஆலையிலேயே கலந்த கற்காரையைச் சுமந்து பெரும் வண்டிகள் தெருவுக்கே வருகின்றன. குழாய் வழியாக மாடிக்கு ஏறுகிறது கலவை. ஆற்று மணலின் இடத்தைக் கல் உடைத்த மணல் பிடித்திருக்கிறது. முறுக்குக் கம்பி போய், வெப்பமூட்டிப் பதப்படுத்திய கம்பி வந்துள்ளது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974 ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்த்ரா என்னும் ஊரகத் தொழில்நுட்ப அமைப்பு, குறைந்த செலவில் சூழலுக்கு ஏற்றபடி கட்டும் முறைகளை ஆராய்ந்தது. இழுப்பு விழும் அடிப்பகுதியில் கற்காரைக்கு அதிக வேலை இல்லை என்பதால், கம்பிகளுக்கு இடையே அங்கே ஓடுகளையோ கட்டிகளையோ பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்தும் நிரப்புத் தளங்களும் இந்நகரில் போடப்படுகின்றன. சாரத்தின் மேல் ஒலிக்கும் மொழிகளும் மாறின. வட கர்நாடகத்தாரோடு பீகார், ஒடிசா, வங்காளத்து இளைஞர்களும் இன்று கம்பி கட்டுகின்றனர். நம் தந்தையர் வந்ததுபோலவே அவர்களும் வந்திருக்கின்றனர்.

மாறாதது ஒன்று உண்டு. தளத்தின் வலிமை இன்றும் மறைவிலேயே இருக்கிறது. வீடு கட்டும் குடும்பத்தினர் தரைக்கல்லின் நிறத்திற்கும் வாயிற்கதவின் வேலைப்பாட்டிற்கும் நாள்கணக்கில் கடை ஏறி இறங்குகின்றனர். அதில் ஒரு பங்கு நேரத்தைத் தளம் போடுவதற்கு முந்திய மாலைக்கு ஒதுக்குதல் நன்று. பொறியாளரை உடன் அழைத்து மேலேறிக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். போர்வைக் கட்டிகள் உள்ளனவா என்று குனிந்து நோக்குங்கள். முட்டுக் கழிகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். வேலையாட்களின் பிள்ளைகள் முட்டுகளின் கீழே உறங்காதபடி வேறிடம் செய்து கொடுங்கள். இதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை; மனம் ஒன்றே வேண்டும்.

வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செய்யும் வினையின் உறுதி செய்பவனின் மன உறுதியில் உள்ளது என்னும் நெறிக்குத் தளத்தைவிடத் தெளிவான சான்று வேறில்லை. யாரும் காணாத இடத்தில் ஒருவன் செய்த வேலையை நம்பித்தான் நாம் ஒவ்வோர் இரவும் கண்ணயர்கிறோம். இன்றிரவு உறங்கும் முன் ஒரு கணம் மேலே நோக்கி, அந்தப் பெயரறியாத கைகளுக்கு நன்றி கூறுவோம். நாளை நாம் எழுப்பும் தளமும் அவ்வாறே பிறர் நம்பி உறங்கத் தக்கதாக அமையட்டும்.